சிறைக்குள் பள்ளி இறுதித் தேர்வு: வெற்றியை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

அமெரிக்கச் சிறைகளில், பள்ளிப் படிப்பை முடிக்காத வயதுவந்தோர் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு இணையான தகுதியைப் பெறுவதற்காக எழுதும் தேர்வுகளில் முதன்மையானது ஜிஇடி. இத்தேர்வில் யார் வெற்றி பெறக்கூடும், யாருக்கு மேலும் பயிற்சி தேவை என்பதைத் தேர்வறைக்கு அனுப்பும் முன்பே கணிப்பது, அங்குள்ள சிறைப் பள்ளிகளின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. வெளியில் படிக்கும் ஒருவர் தேர்வில் தவறினால் கட்டணமும் சில மாதங்களும் வீணாகும். சிறையில் இருப்பவருக்கோ வகுப்பில் இடம், தேர்வு எழுதும் வாய்ப்பு, வேலைக்கான கூலி, சில நேரங்களில் விடுதலை நாள் வரை இதனுடன் பிணைந்துள்ளன. எனவே, கணிப்பு எந்த அளவுக்குத் துல்லியமானது என்பதோடு, அது எதற்காகப் பயன்படுத்தப்படுகிறது என்பதும் முக்கியக் கேள்வியாகிறது.

போர்க்காலத்தில் பிறந்த தேர்வு

இரண்டாம் உலகப் போரின்போது, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ராணுவத்தில் சேர்ந்த வீரர்களுக்காக 1942-ஆம் ஆண்டில் ஜிஇடி உருவாக்கப்பட்டது. அமெரிக்கக் கல்விக் குழு என்ற அமைப்பு இதை வடிவமைத்தது. 1947-இல் நியூயார்க் மாநிலம் பொதுமக்களுக்கும் இத்தேர்வைத் திறந்துவிட்டது. பின்னர் ஏனைய மாநிலங்களும் இதை ஏற்றன. 1978, 1988, 2002, 2014 ஆகிய ஆண்டுகளில் தேர்வு முழுமையாகத் திருத்தப்பட்டது.

2014-இல் நிகழ்ந்த மாற்றம் பெரியது. அதுவரை ஐந்து தாள்களாக இருந்த தேர்வு, கணிதம், மொழி, அறிவியல், சமூக அறிவியல் என நான்காகக் குறைந்தது. தாளில் எழுதும் முறைக்குப் பதிலாகக் கணினி வழித் தேர்வு வந்தது. மதிப்பெண் அளவும் மாறியது. 2002-ஆம் ஆண்டுத் தொடரில் ஒவ்வொரு தாளுக்கும் 200 முதல் 800 வரை மதிப்பெண் வழங்கப்பட்டது. தேர்ச்சி பெற ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 410, ஐந்திலும் சேர்த்து 2,250 தேவைப்பட்டன. புதிய தொடரில் ஒவ்வொரு தாளும் 100 முதல் 200 வரை அளவிடப்படுகிறது. தொடக்கத்தில் 150 ஆக இருந்த தேர்ச்சி மதிப்பெண், 2016 ஜனவரியில் 145 ஆகக் குறைக்கப்பட்டது.

இந்த விவரங்கள் கணிப்புடன் நேரடித் தொடர்புடையவை. எந்த முன்கணிப்புச் சூத்திரமும் பழைய முடிவுகளின் அடிப்படையிலேயே உருவாகிறது. தேர்வின் பாடத்திட்டமோ தேர்ச்சி மதிப்பெண்ணோ மாறினால், முந்தைய தேர்வுக்காக வகுக்கப்பட்ட சூத்திரம் பொருந்தாது. 2014-க்கு முன் நம்பகமாக இருந்த வரம்புகளைச் சிறைப் பள்ளிகள் அதன்பின் புதிதாக நிர்ணயிக்க வேண்டியிருந்தது.

சிறையில் இத்தேர்வின் எடை

அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைத் துறையின் விதிப்படி, உயர்நிலைப் பள்ளிச் சான்றோ அதற்கு இணையான தகுதியோ இல்லாத சிறைவாசிகள், குறைந்தது 240 மணி நேரமோ அல்லது ஜிஇடி பெறும் வரையிலோ எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து பயில வேண்டும். சிறைக்குள் செய்யும் வேலைக்கான கூலியில் அடிநிலையைத் தாண்டி உயர்வதற்கும் பொதுவாக இத்தகுதி தேவை.

நன்னடத்தைக்கான தண்டனைக் குறைப்பும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஆண்டுக்கு அதிகபட்சமாக 54 நாள்கள் வரை தண்டனை குறைக்கப்படலாம். பள்ளித் தகுதி இல்லாதவர், அதைப் பெறும் முயற்சியில் திருப்திகரமான முன்னேற்றம் காட்டவில்லை எனக் கருதப்பட்டால், இது 42 நாள்களாகக் குறையக்கூடும். ஆண்டுக்கு 12 நாள்கள் என்பது பத்தாண்டுத் தண்டனையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள். தேர்வில் தோல்வியடைந்ததற்காக மட்டும் இந்தச் சலுகை பறிக்கப்படுவதில்லை. வகுப்பில் சேர மறுப்பது, பாதியில் விலகுவது, வகுப்பில் விதிகளை மீறுவது ஆகியவையே அதற்கான காரணங்கள். ஆனால், 'உன்னால் தேர்ச்சி பெற இயலாது' என்று ஒருவரிடம் உணர்த்தப்படும் கணிப்பு, அவரை வகுப்பிலிருந்து விலகத் தூண்டுமானால், அதன் விலையை அவர் சிறை நாள்களாகச் செலுத்த நேரிடும்.

மாநிலச் சிறைகளில் நடைமுறைகள் வேறுபடுகின்றன. டெக்சாஸ் மாநிலத்தில் சிறைவாசிகளுக்கென்றே வின்ட்ஹாம் பள்ளி மாவட்டம் 1969 முதல் இயங்கி வருகிறது. வேறு சில மாநிலங்கள் ஜிஇடிக்கு மாற்றாகவோ அதனுடன் சேர்த்தோ ஹைசெட் போன்ற வேறு இணைத் தேர்வுகளை ஏற்றுக்கொண்டுள்ளன.

கணிப்பின் அடிப்படைகள்

சிறைக் கல்வியில் பரவலாகப் பயன்படும் கருவி, வயதுவந்தோர் அடிப்படைக் கல்வித் தேர்வு. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இது 'டேப்' என அழைக்கப்படுகிறது. வாசிப்பு, கணிதம், மொழி ஆகியவற்றில் ஒருவரது நிலையை அளந்து, எந்த வகுப்பில் அவரை அமர்த்துவது என்று முடிவு செய்ய இது உதவுகிறது. குறிப்பிட்ட மணி நேரம் பயின்ற பிறகு, அதே தேர்வின் மாற்று வினாத்தாள் கொடுக்கப்பட்டு முன்னேற்றம் அளக்கப்படுகிறது.

இரண்டாவது கருவி, ஜிஇடி அமைப்பே வழங்கும் அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வு. இதன் முடிவு மூன்று பிரிவுகளாகத் தரப்படுகிறது. 145 அல்லது அதற்கு மேல் பெற்றவர் 'தேர்ச்சி பெற வாய்ப்புள்ளவர்'. 134 முதல் 144 வரை பெற்றவர் 'உறுதியாகச் சொல்ல இயலாதவர்'. அதற்குக் கீழே இருப்பவர் 'தேர்ச்சி பெற வாய்ப்பில்லாதவர்'. நடுப் பிரிவு ஒன்றை ஒதுக்கியிருப்பது கவனிக்கத்தக்கது. எந்தத் தேர்விலும் அளவீட்டுப் பிழை உண்டு. அதே மனிதர் அடுத்த வாரம் எழுதினால் சில மதிப்பெண்கள் கூடலாம், குறையலாம். தேர்ச்சிக் கோட்டுக்கு அருகில் இருப்பவரைப் பற்றி உறுதியான தீர்ப்புக் கூறாமல் விடுவதே நேர்மையான கணிப்பு.

ஆய்வாளர்கள் இந்த மதிப்பெண்களுடன் வயது, பள்ளியை விட்டபோது படித்த வகுப்பு, பள்ளியை விட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின, தாய்மொழி, கற்றல் குறைபாடு, சிறை வகுப்பில் கழித்த மணி நேரம் போன்றவற்றையும் சேர்த்து, தேர்ச்சிக்கான வாய்ப்பைக் கணக்கிடும் புள்ளியியல் மாதிரிகளை உருவாக்குகின்றனர். இவை யாவும் சமமான வலுவுடையவை அல்ல. அண்மையில் எழுதிய தேர்வின் மதிப்பெண், ஒருவரது தற்போதைய திறனை நேரடியாகக் காட்டுகிறது. வயதும் முன்பு படித்த வகுப்பும் அத்திறனைச் சுற்றிவளைத்தே உணர்த்துகின்றன. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்ட ஒருவர், பின்னர் தானே படித்து அதைவிட மேலான நிலையை எட்டியிருக்கலாம். பதினோராம் வகுப்பு வரை சென்ற மற்றொருவர், பின்னங்களைக் கூட்டத் தெரியாதவராக இருக்கலாம்.

தடைக்கல்லாகும் கணிதம்

மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு கணிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஜிஇடியில் நான்கு தாள்களிலும் தனித்தனியே தேர்ச்சி பெற வேண்டும். மூன்று தாள்களில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும், ஒரு தாளில் தவறினால் சான்றிதழ் கிடைக்காது. ஆகவே, ஒருவரது சராசரியைவிட அவரது மிகவும் பலவீனமான பாடமே முடிவைத் தீர்மானிக்கிறது.

பெரும்பாலும் அந்தப் பாடம் கணிதமாகவே இருக்கிறது. சிறையில் உள்ள வயதுவந்தோரின் திறன்கள் குறித்து அமெரிக்கா 2014-இல் நடத்திய ஆய்வில், எண்கணிதத் திறனில் இரண்டாம் நிலைக்குக் கீழே இருந்தோர் 52 சதவீதம். வெளியில் வாழும் பொதுமக்களில் இந்த விகிதம் 29 சதவீதம். வாசிப்புத் திறனில் இடைவெளி இந்த அளவுக்கு இல்லை. சிறைவாசிகளில் 29 சதவீதத்தினரும் பொதுமக்களில் 19 சதவீதத்தினரும் அந்நிலைக்குக் கீழே இருந்தனர். அதே ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளிக் கல்வியை எட்டாதோர் சிறைவாசிகளில் 30 சதவீதம், பொதுமக்களில் 14 சதவீதம்.

கணினி வழித் தேர்வும் தன் பங்குக்கு ஒரு தடையைச் சேர்த்தது. மொழித் தாளில் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்தாக வேண்டும். பல ஆண்டுகளாகக் கணினியைத் தொடாத ஒருவர், கருத்து இருந்தும் விசைப்பலகையில் தடுமாறி நேரத்தை இழக்கக்கூடும். வாசிப்புத் திறனை மட்டும் அளக்கும் முன்தேர்வு இதைக் காட்டாது.

முன்தேர்வு ஏமாற்றும் இடங்கள்

சிறைக்கு வந்த தொடக்க நாள்களிலேயே பலருக்கு முதல் தேர்வு வைக்கப்படுகிறது. கைது, தீர்ப்பு, குடும்பத்தைப் பிரிந்த அதிர்ச்சி, போதைப் பொருளை நிறுத்தியதால் ஏற்படும் உடல்நலக் குலைவு ஆகியவற்றுக்கு நடுவே எழுதும் தேர்வு, ஒருவரது உண்மைத் திறனைக் குறைத்துக் காட்டக்கூடும். கட்டாய வகுப்பு என்பதால் அக்கறையின்றி விடைகளைக் குறித்துவிட்டு எழுந்து செல்வோரும் உண்டு.

இதனால் இரு வகைத் தவறுகள் நேர்கின்றன. முதலாவதாக, திறனுள்ளவர் கீழ் வகுப்பில் அமர்த்தப்பட்டு, ஏற்கெனவே அறிந்ததையே மீண்டும் படிக்கிறார். இரண்டாவதாக, அடுத்த தேர்வில் அவரது மதிப்பெண் உயரும்போது, அந்த உயர்வு முழுவதும் கற்பித்தலின் பயன் எனத் தவறாகக் கொள்ளப்படுகிறது. வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒருவர், அடுத்த முறை எந்தப் பயிற்சியும் இன்றியே தனது இயல்பான நிலைக்குத் திரும்பக்கூடும் என்பது புள்ளியியலில் நன்கறியப்பட்ட உண்மை. ஆகவே, தொடக்க மதிப்பெண்ணைவிட அண்மை மதிப்பெண்ணும், ஒரே மதிப்பெண்ணைவிட இரண்டு மூன்று மதிப்பெண்களின் போக்கும் நம்பகமானவை.

இரு பிழைகள், இரு விலைகள்

கணிப்பு இரண்டு வழிகளில் தவறலாம். தேர்ச்சி பெறமாட்டாதவரைத் தயார் என்று அனுப்புவது ஒன்று. தேர்ச்சி பெறக்கூடியவரைத் தயாரில்லை என்று நிறுத்தி வைப்பது மற்றொன்று. இவற்றுள் எதைக் குறைக்க வேண்டும் என்பதைப் புள்ளியியல் முடிவு செய்வதில்லை. வரம்பை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் நிர்வாகமே முடிவு செய்கிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு சிறைப் பள்ளியில் 200 பேர் பயில்கின்றனர். இன்றே தேர்வு வைத்தால் 120 பேர் தேர்ச்சி பெறுவர், 80 பேர் தவறுவர் என்று கொள்வோம். நிர்வாகம் முன்தேர்வு வரம்பை உயர்த்தி வைத்து, 90 பேரை மட்டும் அனுப்புகிறது. அவர்களில் 84 பேர் தேர்ச்சி பெறுகின்றனர். தேர்ச்சி விகிதம் 93 சதவீதம். ஆனால், நிறுத்தி வைக்கப்பட்ட 110 பேரில் 36 பேர் தேர்ச்சி பெற்றிருக்கக்கூடியவர்கள்.

அதே பள்ளி வரம்பைத் தளர்த்தி 140 பேரை அனுப்பினால், 112 பேர் தேர்ச்சி பெறுகின்றனர். தேர்ச்சி விகிதம் 80 சதவீதமாகக் குறைகிறது. எனினும், சான்றிதழ் பெறுவோர் 28 பேர் கூடுகின்றனர். தகுதி இருந்தும் நிறுத்தப்பட்டோர் 36-இலிருந்து 8 ஆகக் குறைகின்றனர். தேர்வில் தவறுவோர் 6-இலிருந்து 28 ஆக உயர்கின்றனர்.

தேர்ச்சி விகிதத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடப்படும் பள்ளிக்கு முதல் முறை பாதுகாப்பானது. சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்ப்போருக்கு இரண்டாவது முறை மேலானது. தோல்வியின் விலை எவ்வளவு என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். ஜிஇடியில் ஒவ்வொரு தாளையும் தனித்தனியே எழுதலாம். தவறிய தாளை மட்டும் மீண்டும் எழுதினால் போதும். பொது விதிப்படி, முதல் தோல்விக்குப் பின் இரு முறை காத்திருப்பின்றி மறுதேர்வு எழுதலாம். அதன் பின்னரே 60 நாள் இடைவெளி தேவைப்படுகிறது. இத்தகைய ஏற்பாட்டில் ஒரு தோல்வியால் ஏற்படும் இழப்பு பெரிதன்று. சில மாதங்களில் விடுதலையாகப் போகும் ஒருவரை நிறுத்தி வைப்பதால் ஏற்படும் இழப்போ, பெரும்பாலும் ஈடுசெய்ய முடியாதது. அதே வேளையில், பள்ளிப் பருவம் முழுவதும் தோல்வியையே சந்தித்தவருக்கு மற்றொரு தோல்வி மனத்தளர்ச்சியைத் தரும் என்ற ஆசிரியர்களின் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

முன்தேர்வில் வரம்பைத் தாண்டியவர்கள் மட்டுமே தேர்வு எழுதுவதால், சூத்திரத்தை உருவாக்கப் பயன்படும் பதிவுகளிலும் அவர்களது முடிவுகள் மட்டுமே இடம்பெறுகின்றன. நிறுத்தப்பட்டோர் எழுதியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது அப்பதிவுகளில் இல்லை. எனவே, வரம்பு தேவைக்கு மீறிக் கடுமையாக இருந்தாலும், தரவு அதைத் தானாக வெளிக்காட்டாது. வரம்புக்குச் சற்றுக் கீழே உள்ள சிலரையும் அவ்வப்போது தேர்வுக்கு அனுமதித்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்கு எளிய தீர்வு.

மற்றொரு விடுபாடும் உண்டு. வகுப்பில் சேர்ந்தவர்களில் பலர் தேர்வு வரை வருவதே இல்லை. வேறு சிறைக்கு மாற்றப்படுகின்றனர். தண்டனை முடிந்து வெளியேறுகின்றனர். பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சிறை முழுவதும் அறைகளில் பூட்டப்படும் நாள்களில் வகுப்புகள் நின்றுபோகின்றன. வேலை நேரம், மருத்துவ அழைப்பு, நீதிமன்ற நாள் ஆகியவையும் வருகையைக் குலைக்கின்றன. இவை எவையும் கற்பவரின் அறிவைச் சார்ந்தவை அல்ல. ஒருவர் எத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தார் என்ற எண்ணிக்கையில் அவரது ஆர்வம் மட்டுமன்றிச் சிறை நிர்வாகத்தின் ஒழுங்கும் கலந்திருக்கிறது. குறைந்த வருகையைக் கற்பவரின் குறையாக மட்டும் சூத்திரம் எடுத்துக்கொண்டால், நிர்வாகத்தின் தவறு அவர் தலையில் சுமத்தப்படுகிறது.

சான்றிதழ் தரும் பயன்

சிறைக் கல்வி குறித்த முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ராண்ட் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை, கல்வி பெற்ற சிறைவாசிகள் மீண்டும் சிறைக்குத் திரும்பும் அபாயம் 13 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்ததாகக் கண்டறிந்தது. கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும், மூன்றாண்டுகளில் மீண்டும் சிறையில் அடைப்பதற்கான செலவில் நான்கு முதல் ஐந்து டாலர் வரை மிச்சப்படுத்துவதாகவும் அது மதிப்பிட்டது.

வருவாயைப் பொறுத்தவரை முடிவுகள் அவ்வளவு தெளிவானவை அல்ல. ஃபுளோரிடா மாநிலச் சிறைகள் குறித்து ஜான் டைலர், ஜெஃப்ரி கிளிங் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வில், சிறையில் ஜிஇடி பெற்ற வெள்ளையர் அல்லாதோரின் வருவாய், விடுதலைக்குப் பிந்தைய முதல் இரு ஆண்டுகளில் உயர்ந்தது. மூன்றாம் ஆண்டில் அந்த உயர்வு மங்கியது. ஜிஇடி பெற்றோர் முறையான பள்ளிப் படிப்பை முடித்தோருக்கு நிகரான ஊதியத்தைப் பெறுவதில்லை என்று பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடன் இணைந்து ஆய்வு செய்தோரும் நீண்டகாலமாக வாதிட்டு வருகின்றனர். ஆயினும், கல்லூரிக் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் இத்தகுதியே முதற்படி. 1994-இல் சிறைவாசிகளுக்கு நிறுத்தப்பட்ட பெல் கல்வி உதவித்தொகை 2023 ஜூலை முதல் மீண்டும் கிடைப்பதால், இந்த முதற்படியின் மதிப்பு உயர்ந்துள்ளது.

இந்தியச் சிறைகளுக்கு என்ன பாடம்?

இந்தியாவில் ஜிஇடிக்கு நெருங்கிய ஏற்பாடு, தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள். 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய இந்நிறுவனம், 2002-இல் தற்போதைய பெயரைப் பெற்றது. ஒருமுறை பதிவு செய்தவர் ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில், பாடம் பாடமாகத் தேர்ச்சி பெற்றுச் சான்றிதழை நிறைவு செய்யலாம். டெல்லி திகார் சிறையில் இந்நிறுவனத்தின் கல்வி மையம் இயங்குகிறது. படித்த சிறைவாசிகள் எழுத்தறியாதோருக்குக் கற்பிக்கும் திட்டமும் அங்கு உண்டு. தமிழ்நாட்டுச் சிறைகளில் உள்ளோர் மாநிலப் பொதுத் தேர்வுகளை எழுதி வருகின்றனர்.

தேவை மிகப் பெரியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களின்படி, இந்தியச் சிறைவாசிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தறிவற்றோர் அல்லது பத்தாம் வகுப்பை எட்டாதோர். ஆனால், அமெரிக்க மாதிரிகளை அப்படியே இங்கு பயன்படுத்த இயலாது. நமது சிறைகளில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்கள் எப்போது ஜாமீனில் செல்வர், எப்போது வேறு சிறைக்கு மாற்றப்படுவர் என்பது யாருக்கும் தெரியாது. இங்கு ஒருவர் தேர்ச்சி பெறுவாரா என்ற கேள்விக்கு முன், தேர்வு நாளில் அவர் எங்கே இருப்பார் என்ற கேள்வி எழுகிறது. ஜாமீனில் சென்ற பின்னும் அதே பதிவு எண்ணில் வெளியிலுள்ள மையத்தில் படிப்பைத் தொடர வழிகாட்டுவது, பல நேரங்களில் எந்த முன்தேர்வையும்விட அதிகப் பயன் தரக்கூடும்.

அமெரிக்க அனுபவத்திலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். தொடக்க மதிப்பெண்ணை நிரந்தர முத்திரையாக்காமல், குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் அளக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், எந்தப் பாடம் ஒருவரைத் தடுக்கிறது என்பதைக் கண்டறிந்து அதில் பயிற்சி தர வேண்டும். ஒரு சிறைப் பள்ளியை மதிப்பிடும்போது, எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினர் தேர்ச்சி பெற்றனர் என்பதோடு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சான்றிதழுடன் வெளியேறினர் என்பதையும் கேட்க வேண்டும்.

முன்தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒருவருக்கு, அதே தாளைக் கொண்டு இரண்டு விதமாக விடை சொல்லலாம். தேர்வுக்குத் தகுதியில்லை என்று கூறி அனுப்பிவிடலாம். அல்லது, பின்னங்களிலும் விகிதங்களிலும் எட்டு வாரப் பயிற்சி தேவை என்று கூறி வகுப்பில் அமர்த்தலாம். மதிப்பெண் ஒன்றேயாயினும், அவரது விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கை இவ்விரு விடைகளில் எது கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.